பாலத்தின் பக்கத்தில் நின்றவர்கள்

போட்டோ எடுத்துவிட்ட பொருளை யாரும் அழிக்க மாட்டார்கள் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். சின்ன வயதில் அல்ல. மீசையில் நரை எட்டிப்பார்த்த பிறகு, சித்தூரில் சொந்தமாக ஒரு ஸ்டுடியோ வைத்துக்கொண்டு நம்பினேன். என் தொழிலோ கல்யாண போட்டோ எடுப்பது. நான் எடுத்த ஆல்பங்களில் கை கோத்துச் சிரித்த ஜோடிகளில் எத்தனை பேர் அடுத்த ஆடிக்குள் கோர்ட்டு வாசலில் ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் நம்பினேன். முட்டாள்தனத்துக்கு அனுபவம் ஒரு தடையே இல்லை.

நான் காப்பாற்றப் புறப்பட்டது ஒரு ரயில் பாலத்தை. சித்தூரிலிருந்து திருப்பதி போகும் பழைய சின்ன லைன் எங்கள் ஊருக்கு வெளியே ஆற்றைத் தாண்டிப் போனது. அகலப் பாதை போட்டபோது அந்த இடத்தில் வளைவை நிமிர்த்தி, தள்ளி ஒரு கான்கிரீட் பாலம் கட்டிக்கொண்டார்கள். பழைய பாலத்தில் தண்டவாளத்தை மட்டும் பிடுங்கிக்கொண்டு போனார்கள். மிச்சமெல்லாம் இரும்பு: மணலுக்குள் இறங்கிய இரும்புத் தூண்கள், அவற்றுக்குக் குறுக்கே பெருக்கல் குறி போட்டதுபோலப் பட்டைகள், மேலே இரண்டு பக்கமும் நெஞ்சு உயரத்துக்குச் சுவர்போல கர்டர்கள்.

ரயிலுக்கு வேண்டாமல் போன பாலம் எங்களுக்கு வேண்டியிருந்தது. எங்கள் சனத்துக்கு ஒரு தலைமுறைக்கு முன்னால்வரை செடி நட ஒரு சாண் மண் கிடையாது. கூலிக்குப் போனவர்கள்தான். பிறகு அரசாங்கம் பட்டா கொடுத்தது. கொடுத்ததுதான் கொடுத்தது, ஆற்றுக்கு அக்கரையில் கொடுத்தது. வருஷத்தில் பாதிக்கு மேல் ஆறு வெறும் மணல். யாரும் நடந்து போகலாம். ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் வந்துவிட்டால் போக முடியாது. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்க வேண்டிய பருவமும் அதுதான். ரோட்டு வழியாகச் சுற்றிப் போனால் போய்ச் சேருவதற்குள் திரும்பி வர வேண்டிய நேரம் ஆகிவிடும். புதுப் பாலத்தில் ஏறலாமென்றால் அதில் ரயில் வரும், விலக இடம் இல்லை. ஆகவே பழைய பாலம்தான் எங்கள் வரப்பு, எங்கள் வண்டிப்பாதை, எங்கள் எல்லாம்.

தண்டவாளத்துக்கு அடியில் கிடந்த கட்டைகள் உளுத்த இடத்தில் ஆளாளுக்கு வீட்டிலிருந்து பழைய கதவைக் கொண்டுவந்து போட்டார்கள். நீலக் கதவு, பச்சைக் கதவு, தாழ்ப்பாள் போகாத கதவு. மூடிய கதவுகளை ஒன்றன்பின் ஒன்றாக மிதித்துக்கொண்டு வயலுக்குப் போகிற சனம் உலகத்தில் நாங்களாகத்தான் இருப்போம்.

பாலத்தை ஏலம் விடப்போகிறார்கள் என்று முதலில் பேச்சாக வந்தது. அப்புறம் இரண்டு பேர் டேப்போடு வந்தார்கள். பழைய இரும்பு வியாபாரிகளின் ஆட்கள். காகிதத்தில் எழுதியிருக்கிற எடையை அந்த வியாபாரத்தில் யாரும் நம்ப மாட்டார்களாம். தன் ஆள் அளந்து சொன்னால்தான் விலை கேட்பார்களாம். வந்தவர்கள் டேப்பின் ஒரு முனையைக் கர்டரில் வைப்பதற்குள் ஊரே திரண்டு விரட்டியது. முன்னால் நின்றவள் என் சின்னம்மா, அம்மாவின் கடைசித் தங்கை. புருஷன் போனபின் அக்கரை நிலத்தை ஒற்றை ஆளாக உழுது பயிர் வைக்கிறவள். கையில் களைக்கொத்தி.

"அளக்கறதா இருந்தா உன் பொண்டாட்டிக்கு ஜாக்கெட்டு அளந்துக்கினு போ. எங்க பாலத்துல இன்னாடா அளவு?"

நானும் அன்றைக்குக் கூட்டத்தில் இருந்தேன். கடைசி வரிசையில். கையில் ஒரு கழி வைத்திருந்தேன். வீரத்துக்கு அல்ல, எல்லோரும் வைத்திருந்தார்கள் என்பதற்காக. ஓடுகிற ஆட்களில் ஒருவன் என்னைத் திரும்பிப் பார்த்தபோது, பழக்கதோஷத்தில் கழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "நமஸ்காரமண்டி" என்றேன்.

பின்னர் வந்த ஆட்களுக்கும் அதே மரியாதைதான் நடந்தது. அளக்க முடியாத இரும்பை எவனும் ஏலம் கேட்கவில்லை என்று தெரிந்தது. டேப்பு பாலத்தில் படாதவரை பாலம் நம்முடையது என்று ஊர் முடிவுக்கு வந்தது. அது சரியான முடிவு.

அந்த நேரத்தில்தான் என் மச்சான் வந்தான். என் மனைவியின் தம்பி. கிணறு வற்றிய வருஷம் மெட்ராஸுக்குப் போனவன். என்ன வேலை என்று கேட்டால் "எக்ஸ்போர்ட்டு மாமா" என்பான். அந்த நாட்களில் எங்கள் பக்கத்திலிருந்து போனவர்கள் எல்லோருமே எக்ஸ்போர்ட்டில்தான் இருந்தார்கள். பனியன் மடிக்கிறவன் எக்ஸ்போர்ட்டு, இறால் உரிக்கிறவள் எக்ஸ்போர்ட்டு. எதை எங்கே ஏற்றுமதி செய்கிறான் என்று கேட்பது மரியாதையில்லை. இடுப்பில் ஒரு செல்போன் வைத்திருந்தான். எங்கள் ஊரில் அது வேலை செய்யாது. இருந்தாலும் அடிக்கடி எடுத்து வானத்துக்குக் காட்டிவிட்டு மறுபடி செருகிக்கொள்வான், சாமிக்குக் கற்பூரம் காட்டுவதுபோல.

அவன் நேராக ஸ்டுடியோவுக்கு வந்தான். நான் ஒரு குழந்தையைப் பாஸ்போர்ட் போட்டோவுக்காகச் சிரிக்கவிடாமல் தடுத்துக்கொண்டிருந்தேன்.

"மாமா, பாலத்த அறுக்கப்போறாங்களாமே?"

"எவன் சொன்னான்?"

"மெட்ராஸ்ல பேச்சு. திங்கக்கெழம கேஸ் கட்டர் வருதாம்."

எனக்குப் பயம் வந்தால் வாய் ஓடும், மூளை நிற்கும். "அய்யய்யோ, போலீசு, கலெக்டரு, எம்மெல்லே, ஃபயர் சர்வீசு" என்று தெரிந்த எல்லா ஆபீசையும் வரிசையாகச் சொன்னேன். குழந்தை சிரித்துவிட்டது.

மச்சான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "பதறாத மாமா. டெல்லில ஒரு ஆபீஸ் கீது. பழைய பாலம், பழைய கோட்டை இதெல்லாம் காப்பாத்தற ஆபீஸ். எங்க மொதலாளிக்கு அங்க ஆள் தெரியும். போட்டோ எடுத்துக் குடுத்தா போதும், அப்புறம் எவனும் கை வெக்க முடியாது. தாஜ்மகால எவனாவது கேஸ் கட்டர்ல அறுக்கறானா?"

"இல்ல."

"ஏன்?"

"ஏன்?"

"போட்டோ எடுத்தாச்சு மாமா. உலகம் பூரா போட்டோ கீது."

இதில் எங்கே ஓட்டை என்று இன்றைக்கு எந்தப் பள்ளிக்கூடப் பையனும் சொல்லிவிடுவான். எனக்கோ கண் கலங்கியது. இத்தனை வருஷம் மாலையும் கழுத்துமாக எடுத்துத் தள்ளிய கைக்கு முதல்முறையாக ஒரு பெரிய காரியம் வந்திருக்கிறது என்று நினைத்தேன். குழந்தையைக் கொண்டுவந்த அம்மாளிடம், "அப்புறம் வாங்க, அவசரமா பாலத்தைக் காப்பாத்தணும்" என்று சொல்லி ஷட்டரை இழுத்தேன்.

"ஒண்ணே ஒண்ணு மாமா," என்றான் போகும்போது. "வெறும் பாலத்த எடுக்காத. ஒவ்வொரு தூணுக்கும் ஒரு ஆள நிக்க வை. ஒட்டி நிக்கணும், நேரா நிக்கணும். தலையில கூடை கீடை வேணாம். தலயிலேர்ந்து காலு வரைக்கும் வரணும். அப்பத்தான் டெல்லிக்காரனுக்கு, இது சனம் பொழங்கற பாலம்னு புரியும்."

இதை அவன் சொல்லியே இருக்க வேண்டாம். எங்கள் பக்கத்தில் ஆள் நிற்காத இடத்தை யாரும் போட்டோ எடுக்க மாட்டார்கள். ஆளில்லாத வீட்டை, ஆளில்லாத மாட்டுக்கொட்டகையை எடுப்பது பேங்க்குக்காரன் மட்டும்தான். ஜப்தி பண்ணுவதற்காக எடுப்பான். அதனால் புது டிராக்டரை எடுத்தாலும் பக்கத்தில் ஒருத்தர் கையை வைத்துக்கொண்டு நிற்க வேண்டும், போர்வெல்லில் தண்ணீர் வந்ததை எடுத்தாலும் குழாய்க்கு ஒருத்தர் நிற்க வேண்டும். நின்றால்தான் அந்தப் பொருளுக்குச் சொந்தக்காரர் உண்டு என்று அர்த்தம். நான் ஊருக்குள் போய் விஷயத்தைச் சொன்னதுமே சின்னம்மா கேட்டாள், "ஆளோட தான எடுப்ப? ஆளில்லாம எடுத்து வெச்சிட்டு, நாளைக்கி எவனாவது வந்து ஜப்தின்னுவான்."

மறுநாள் காலையில் ஊர் திரண்டது. கல்யாணத்துக்குக் கட்டுகிற புடவைகள் வெளியே வந்தன. ஆண்கள் பவுடர் போட்டிருந்தார்கள். மச்சான் எல்லோருக்கும் முன்னால் வந்து நின்று, அத்தை, மாமா, அண்ணி என்று முறை வைத்துக் கூப்பிட்டு ஒரே சிரிப்பு. ஒவ்வொருவரையும் இழுத்துத் தன் முதுகோடு முதுகு ஒட்ட நிறுத்தி உயரம் பார்த்தான்.

"அத்த, நீ என் காதுக்குத்தான் வர. சின்னப் புள்ளையில என்ன தூக்கினப்போ எவ்ளோ ஒசரமா இருந்த?"

"நான் அப்படியேதான்டா கீறேன். நீதான் மெட்ராஸ் தண்ணி குட்ச்சிப் பனமரமா வளந்துட்ட," என்றாள் சின்னம்மா. எல்லோரும் சிரித்தார்கள். உயரம் பார்க்கிற விளையாட்டு பிடித்துப்போய், கூப்பிடாதவர்களும் வரிசையில் வந்து அவன் முதுகில் ஒட்டி நின்றார்கள்.

ஆற்று மணலில் நின்று தூண்களை எடுப்பது சுலபமாக இருந்தது. மேலே கர்டர்களை எடுக்கத்தான் பாலத்தில் ஏற வேண்டியிருந்தது. இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: எனக்கு உயரம் ஆகாது. கல்யாண மண்டபத்தில் மேலேயிருந்து ஒரு போட்டோ எடுக்க நாற்காலியில் ஏறினால்கூட மாப்பிள்ளை வீட்டார் இருவர் என் முட்டியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஊர்ப் பாலம் என்று இத்தனை நாள் பேசினேனே தவிர, அக்கரைக்கு நான் போனதெல்லாம் மணல் வழியாகத்தான். அன்று பச்சைக் கதவில் ஒரு காலை வைத்தேன். கதவு ஆடியது. இடுக்கு வழியாகக் கீழே பார்த்தேன். அவ்வளவுதான், நான்கு காலில் இறங்கிவிட்டேன். கேமரா கழுத்தில் தொங்கி மணிபோல ஆடியது. தவழ்ந்துகொண்டே போய் மூன்றாவது கர்டரைக் குறிபார்த்தேன்.

பின்னால் எருக்கூடையோடு ஒருத்தி வந்து நின்றாள். "கொஞ்சம் ஓரமா தவழு நைனா. ஆளு போவணும்."

ஓரம் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு வேர்த்தது. அவள் கூடையைத் தொடாமல், குனியாமல், என்னைத் தாண்டிக் கால் வைத்துப் போனாள். அவள் புடவைத் தலைப்பு என் தலையில் உரசியது. எனக்கு அதுவே ஏதோ ஆசீர்வாதம்போல இருந்தது.

எல்லாம் முடிந்து கீழே வந்து கேமராவைத் திறந்தால், ஃபிலிம் பல்லில் மாட்டவே இல்லை. பதற்றத்தில் சரியாகக் கோக்காமல் மூடியிருக்கிறேன். ஒரு படம்கூட விழவில்லை. எல்லோரும் சுற்றி நின்றார்கள். நான் சிரித்துப் பார்த்தேன். யாரும் சிரிக்கவில்லை.

"அப்ப நாங்க நின்னதெல்லாம்?" என்றார் இரண்டாவது தூணில் நின்ற பெரியப்பா.

"ஒத்திகை," என்றேன்.

மச்சான் முகம் கறுத்ததை அப்போதுதான் பார்த்தேன். அவன் பையிலிருந்து புது ரோல் எடுத்துத் தானே மாட்டினான். ஒன்றல்ல, இரண்டு ரோல் கொண்டுவந்திருந்தான். என்னைத் தெரிந்தவன்.

மறுபடி எல்லோரும் அவரவர் தூணுக்குப் போய் நின்றார்கள். இரண்டாம் முறை இன்னும் நன்றாக நின்றார்கள். சின்னம்மா மூன்றாவது தூணில் முதுகை ஒட்டி, குதிகாலை ஒட்டி, கண்ணைக்கூடச் சிமிட்டாமல் நின்றாள். இவ்வளவு நேராக அவள் எதற்காகவும் நின்று நான் பார்த்ததில்லை. என் மனைவி மட்டும் எதிலும் நிற்கவில்லை. எந்தக் கல்யாணத்திலும் கூப்பிடாமலே போய்க் கடைசி வரிசையில் தலையை நீட்டுகிறவள் அவள். "வாயேன்," என்றேன். "தலை வலிக்குது," என்று சொல்லி, எல்லோருக்கும் கொண்டுவந்த புளிசோற்றைப் பொட்டலம் பிரிப்பதிலேயே இருந்தாள்.

படங்களைக் கழுவினேன். பிரமாதமாக வந்திருந்தன. என் பெருமையை நானே சொல்வது தவறுதான். ஆனால் வேறு யாரும் சொல்லப்போவதில்லை. இரும்பில் இருந்த ஆணித்தலைகூடத் தெரிந்தது. ஆட்களின் முகத்தில் வெளிச்சம் சரியாக விழுந்திருந்தது. மச்சான் ஒரு செட் வாங்கிக்கொண்டு அன்று மாலை பஸ்ஸிலேயே மெட்ராஸ் போனான். நின்ற எல்லோருக்கும் நான் ஆளுக்கொரு பிரதி கொடுத்தேன். சின்னம்மா அதைச் சட்டம் போட்டு சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டினாள்.

திங்கட்கிழமை கேஸ் கட்டர் வரவில்லை. அடுத்த திங்கட்கிழமையும் வரவில்லை. என் போட்டோ வேலை செய்துவிட்டது என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டேன். டீக்கடையில் எனக்கென்று ஒரு மரியாதை உண்டானது. "டெல்லியில பார்த்திருப்பாங்க," என்பேன் சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே. மாங்காய்க் காலம் வந்தது. பங்காருபாளையம் மண்டிக்கு லாரிகள் ஓடின. நானும் ஒரு சின்னத் தலைவன்போல நடக்கப் பழகியிருந்தேன்.

மாங்காய் ஓய்ந்த சமயத்தில் இன்னும் சில லாரிகள் வந்தன. அவற்றில் மாங்காய் இல்லை. சிலிண்டர்கள் இருந்தன, சங்கிலிகள் இருந்தன, ஒரு கிரேன் இருந்தது. முன்னால் இரண்டு போலீஸ்காரர்கள். ஊர் ஓடியது. நானும் ஓடினேன், இந்தத் தடவை முன்வரிசையில். என் போட்டோ என்னைக் காப்பாற்றும் என்ற தைரியம்.

வந்த ஆட்களின் மேஸ்திரி தெலுங்குக்காரர். நல்ல மனிதர், முகத்தில் கோபமே இல்லை. களைக்கொத்தியோடு நின்ற சின்னம்மாவைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. நெடுநாள் பழகிய உறவைப் பார்த்ததுபோல இரண்டு கையையும் கூப்பினார்.

"அம்மா, மீரு மூடோ ஸ்தம்பம் காதா?"

சின்னம்மாவுக்குச் சொல் புரிந்தது, விஷயம் புரியவில்லை. "இன்னா சொல்றாரு? மூணாவது தூணா?"

"அவுனம்மா, மூணாவது தூணு." அவர் கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். "இவுரு ரெண்டாவது தூணு. அந்தப் புள்ள கடைசி கர்டரு. அதோ, மீசைக்காரரு, அஞ்சாவது." ஒவ்வொருவரையும் விரல் நீட்டிச் சரியாகச் சொன்னார். முன்பின் பார்க்காத ஆள் தங்களை அடையாளம் கண்டுகொள்கிறார் என்று எங்கள் சனத்துக்கு ஒரே சந்தோஷம். கழியை இறக்கிவிட்டுச் சிரித்தார்கள். "டெல்லிலேர்ந்து வந்தவரு போல கீது," என்றார் பெரியப்பா. என்னைத் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினார். நானும் ஆட்டினேன்.

மேஸ்திரி பிளாஸ்டிக் உறையிலிருந்து போட்டோக்களை எடுத்துச் சின்னம்மா கையில் கொடுத்தார்.

என் போட்டோக்கள்தான். எல்லாவற்றிலும் சிவப்புப் பென்சில். சின்னம்மாவின் உச்சந்தலையிலிருந்து குதிகால்வரை நேராக ஒரு கோடு. கோட்டின் பக்கத்தில் அஞ்சேகால் அடி என்று எண்ணில் எழுதியிருந்தது, மச்சான் முதுகோடு ஒட்டிப் பார்த்த உயரம். அதே கோடு அவள் தலைக்கு மேல், தூணின்மேல், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருந்தது. எத்தனை சின்னம்மா உயரம் ஒரு தூண், எத்தனை பெரியப்பா நீளம் ஒரு பட்டை என்று எல்லாம் இருந்தது.

"இன்னாடா, என் மேல கோடு போட்டு வெச்சிகீறான்?" என்றாள் சின்னம்மா. "எனக்கு ஏதாவது ஆபரேஷனா?"

மேஸ்திரி அப்பாவியாக விளக்கினார். டேப்போடு வந்தவர்களை நீங்கள் விரட்டிவிட்டீர்களாம். அதனால் முதலாளி போட்டோவிலேயே அளவு எடுத்துவிட்டார். அந்த அளவை நம்பித்தான் ஏலத்தில் கேட்டார், அவருக்கே கிடைத்தது. "மன்ச்சி போட்டோலு," என்றார். நல்ல போட்டோக்கள். "யாரு எடுத்தது?"

ஊர் என்னைப் பார்த்தது.

நான் வேடிக்கைப் பேச்சுக்காரன். எழவு வீட்டில்கூட ஒரு சொல் போட்டு நாலு பேரைச் சிரிக்கவைத்திருக்கிறேன். அன்று வாயைத் திறந்தேன், வந்தது இதுதான்: "வெளிச்சம் நல்லா விழுந்துகீது இல்ல?" ஏன் அதைச் சொன்னேன் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. பயம் வந்தால் என் வாய் ஓடும் என்று முன்பே சொன்னேன். அது சரியான இடத்துக்குத்தான் ஓடும் என்று சொல்லவில்லை.

சின்னம்மா களைக்கொத்தியைத் தோளில் போட்டாள். "உன் மச்சான் தான கூட இருந்தான்?"

"எனக்குத் தெரியாது சின்னம்மா. சத்தியமா தெரியாது."

"உன் மச்சான். உன் கேமரா. உனக்குத் தெரியாது."

போலீஸ்காரர்கள் நடுவில் வந்து நின்றார்கள். மேஸ்திரி ஒரு சலுகை கொடுத்தார்: பாலத்தில் கிடக்கும் கதவுகளை எடுத்துக்கொள்ளுங்கள், அது எங்கள் கணக்கில் இல்லை. ஒவ்வொருவராகப் போய் அவரவர் கதவைத் தேடித் தலையில் தூக்கிக்கொண்டு ஊருக்குத் திரும்பினார்கள். கதவுகள் வரிசையாக நடந்து போனதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். கேமரா கழுத்தில் இருந்தது. எடுக்கவில்லை. எடுத்திருந்தால் என் வாழ்க்கையிலேயே சிறந்த படம் அதுவாக இருந்திருக்கும். முதுகில் களைக்கொத்தியும் விழுந்திருக்கும்.

வீட்டுக்கு வந்தேன். மனைவி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"உன் தம்பி இன்னா வேல செய்யறான்?"

"எக்ஸ்போர்ட்டு."

"இன்னா எக்ஸ்போர்ட்டு?"

கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள், "பழைய இரும்பு."

வரும் வழியெல்லாம் மச்சானைத் திட்டுவதற்குச் சொற்களை அடுக்கிக்கொண்டு வந்தேன், எல்லாம் நல்ல சொற்கள். அவளைத் திட்டுவதற்கு ஒன்றும் யோசித்து வைக்கவில்லை.

"உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

"அவன் வேலைக்கிச் சேந்ததுலேர்ந்து."

"போட்டோ எதுக்குன்னு தெரியுமா?"

காம்பை ஒடித்தாள். இன்னொரு காம்பை ஒடித்தாள். "தெரியும்யா. சொல்லியிருந்தா நீ எடுத்திருப்பியா?"

எடுத்திருக்க மாட்டேன். எடுக்க மாட்டேன் என்று தெரிந்ததால்தான் சொல்லவில்லை. கணக்கு சுத்தமாக இருந்தது. என்னை இவ்வளவு நன்றாகத் தெரிந்துவைத்திருப்பவள் வேறு யாரும் இல்லை என்று கல்யாணமான நாளிலிருந்து நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தது இதற்குத்தான்.

"அதனாலதான் நீ போட்டோவுல நிக்கலயா?"

"எப்படிய்யா நிப்பேன்?" இப்போது நிமிர்ந்து பார்த்தாள். கண்ணில் தண்ணீர் இல்லை, கோபம் இருந்தது. "இந்தப் பாலத்து அளவு வர்லன்னா நாளையிலேர்ந்து வேலைக்கி வராதேன்னு அவனுக்குச் சொல்லிட்டாங்க. அவனுக்கு வேல போனா எங்கம்மா இன்னாத்த துன்னும்? உங்க சின்னம்மாவுக்கு நெலம் கீது. எங்கம்மாவுக்கு அவன் மட்டும்தான் கீறான்."

"அந்த நெலத்துக்குப் போற வழிதானே அது."

"தெரியும்," என்றாள்.

கீரையை அள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் மச்சானுக்குப் போன் போட்டேன். அடுக்கிவைத்த சொற்களில் முதல் சொல்லைச் சொல்வதற்குள் அவன் பேசினான்.

"மாமா, கோவப்படாத. நான் இல்லன்னா வேற எவனோ எடுத்திருப்பான். ஆனா ஒண்ணு மாமா, மொதலாளி உன் போட்டோவப் பாத்துட்டு இன்னா சொன்னாரு தெரியுமா? இவ்ளோ சுத்தமா எடுத்தவன நான் பாத்ததே இல்லன்னாரு. ராயவேலூர் பக்கம் இன்னொரு பாலம் கீது. வர்றியா?"

என் தொழிலில் எனக்குக் கிடைத்த ஒரே மனப்பூர்வமான பாராட்டு அது. போனை வைத்தேன்.

நான் தெரிந்தே செய்தேன் என்றுதான் ஊர் இன்றைக்கும் நினைக்கிறது. என் முகத்தைப் பாருங்கள். சதி செய்கிற அளவுக்கு அறிவுள்ள முகமா இது? இதை நான் பலரிடம் சொல்லிப் பார்த்தேன். சிலர் சிரித்தார்கள். ஆனால் கல்யாணத்துக்குக் கூப்பிடவில்லை. சித்தூரில் வேறு ஸ்டுடியோவைப் பிடித்துக்கொண்டார்கள். மச்சானோடு பேச்சை விட்டேன். மனைவியோடு அப்படி விட முடியாதே, ஒரே அடுப்பு. உப்பு போதுமா, தண்ணி சுட்டதா என்று பேசினோம். இப்போதெல்லாம் நன்றாகவே பேசிக்கொள்கிறோம். இருந்தாலும் யாருக்காவது போன் பேசும்போது அவள் குரலைத் தாழ்த்தினால், என் கை என்னை அறியாமல் டிவி சத்தத்தைக் குறைத்துவிடுகிறது.

பாலத்தை அறுத்து எடுக்க அவர்களுக்கு அதிக நாள் ஆகவில்லை. தூண்களை மணல் மட்டத்தோடு வெட்டினார்கள். மணலுக்குக் கீழே இருந்ததை விட்டுவிட்டார்கள். அந்த வருஷம் ஐப்பசியில் மழை நன்றாகப் பெய்தது, ஆறு இரு கரையும் தொட்டு வந்தது. அக்கரையில் மல்லாட்டை முற்றி நின்றது. சின்னம்மா தினமும் காலையில் கரைக்குப் போய் நின்று பார்த்துவிட்டு வந்தாள். ரோட்டைச் சுற்றிப் போய்ப் பிடுங்கக் கூலியாட்கள் யாரும் வரவில்லை. தண்ணீர் வடிந்து ஆட்கள் மணலில் இறங்கி அக்கரைக்குப் போனபோது, காய்கள் மண்ணுக்குள்ளேயே முளைவிட்டிருந்தன.